ஊட்டும் கையும் விடும் கையும்

பசித்த உயிருக்கு உணவளித்தல் அறம் என்பதில் தமிழ் மரபு என்றும் ஐயம் கொண்டதில்லை. 1867 ஆம் ஆண்டு வடலூரில் இராமலிங்க அடிகளார் ஏற்றிவைத்த தருமசாலை அடுப்பு இன்றளவும் அணையாது எரிந்துகொண்டிருக்கிறது. நாம் வாழும் இப்பகுதியிலும், திருமலையில் 1985 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அன்னதானத் திட்டம் நாள்தோறும் பல்லாயிரவரின் பசியை ஆற்றிவருகிறது. இத்தகைய மண்ணில் நின்றுகொண்டு, ‘உணவளித்தல் எப்பொழுதும் நன்மையே தருமா?’ என்று வினவுவது சிலருக்கு வியப்பாகவும், சிலருக்குச் சினமாகவும் தோன்றக்கூடும். ஆயினும், சித்தூரில் நம் இல்லத்துக் கொல்லையில் நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி இவ்வினாவை நம்மிடம் எழுப்பிற்று. அதற்கு நாம் கண்ட விடையையும், காண இயலாத விடையையும் இங்கே பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

கொல்லையில் நின்ற தென்னையின் காய்ந்த மட்டைகளைக் கழிக்க ஒருநாள் மரமேறுபவரை அழைத்திருந்தோம். மட்டையோடு ஓர் அணிற்கூடும் கீழே விழுந்தது. தென்னை நாரும், பழந்துணி இழைகளும், பஞ்சும் சேர்த்துப் பின்னிய அக்கூட்டினுள் மூன்று குட்டிகள் இருந்தன. கண் திறவாதவை, மயிர் முளைக்காதவை, சுண்டுவிரல் அளவே ஆனவை. ஒன்று விழுந்த அதிர்ச்சியிலேயே இறந்திருந்தது. மற்ற இரண்டும் நெளிந்துகொண்டிருந்தன.

மனிதர் தொட்ட குட்டியைத் தாய் ஏற்காது என்று பலர் கூறுவர். இது பிழையான நம்பிக்கை. தாயணில் உயிரோடிருக்குமாயின், குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு வேறிடம் சேர்த்துவிடும். எனவே ஒரு சிறு பெட்டியில் கூட்டோடு குட்டிகளை வைத்து, அதே மரத்தடியில் நிழலில் விட்டு, எட்ட நின்று காத்திருந்தோம். பொழுது சாயும்வரை தாய் வரவில்லை. முதல்நாள்தான் பக்கத்து வீட்டுப் பூனை ஓர் அணிலை வாயில் கவ்விச் சென்றதைப் பிள்ளைகள் பார்த்திருந்தனர். இருள் கவியும் வேளையில் பெட்டியை உள்ளே எடுத்து வந்தோம். அன்றிரவே நாம் முதற் குற்றத்தைச் செய்தோம்.

அக்குற்றம் யாதெனில், அன்பு ஒன்றே போதும் என்று கருதியமை. பசும்பாலைக் காய்ச்சி ஆற்றி, மருந்து ஊற்றும் குழாயில் எடுத்து, குட்டியை மல்லாக்கக் கிடத்தி, வாயில் புகட்டினோம். பால் மூக்கின் வழியே வெளிவந்தது. ‘நன்றாகக் குடிக்கிறது’ என்று மகிழ்ந்தோம். மறுநாள் அக்குட்டி மூச்சுத் திணறி மாண்டது. வீட்டின் மூத்த அம்மையார் அதனைத் துணியில் சுற்றி மண்ணில் இடும்பொழுது ஒரே ஒரு சொல் சொன்னார்: “பால் ஊற்றிக் கொன்றோம்.” இறந்தவர்க்குப் பால் ஊற்றும் வழக்கமுடைய நாம், அன்று உயிருள்ள ஒன்றுக்கு ஊற்றிய பாலால் அதனை இறக்கச் செய்தோம்.

எஞ்சிய ஒன்றை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவர் ஒருவரை நாடினோம். அவர் கூறியவை, எளியவையாயினும், நாம் அறியாதவை. குளிர்ந்த உடலுடைய குட்டிக்கு முதலில் வேண்டுவது உணவன்று, வெப்பம். உடல் சூடேறாத குட்டியின் வயிற்றில் பால் செரியாது தேங்கிவிடும். குட்டியைக் குப்புற, தலை சற்று உயர்ந்திருக்குமாறு பிடித்து, துளித்துளியாக, அது தானே நக்கி விழுங்கும் விரைவிலேயே ஊட்டவேண்டும். விரைந்து ஊட்டினால் பால் நுரையீரலுள் இறங்கிவிடும். அணிலின் பாலில் கொழுப்பு மிகுதி. பசும்பாலில் அதனினும் பாற்சர்க்கரை மிகுதி, கொழுப்புக் குறைவு. ஆதலின் பசும்பால் குட்டிக்குக் கழிச்சலும் வயிற்றுப் பொருமலும் தரும். நாய்க்குட்டிகளுக்கென விற்கும் பால்மாவே அதனினும் ஏற்றது. ஒவ்வொரு முறை ஊட்டியபின்னும், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சினால் அதன் அடிவயிற்றைத் தடவிவிட வேண்டும்; தாய் நாவினால் செய்யும் அப்பணியைச் செய்யாவிடின் குட்டியால் சிறுநீர் கழிக்கவும் இயலாது.

இவற்றைக் கேட்டபொழுது நமக்கு ஓர் உண்மை விளங்கிற்று. உணவளித்தல் என்பது நம் கையில் உள்ளதைக் கொடுப்பதன்று. எதிரில் உள்ள உயிருக்கு வேண்டுவது யாது என்று அறிந்து கொடுப்பது. அறிவு கலவாத அருள், அருளின் வடிவில் வரும் தீங்கேயாகும். நம் அறநூல்கள் அருளுடைமையைப் பேசும் அளவுக்கு அறிவுடைமையையும் பேசியதன் காரணம் இதுவாகலாம்.

அக்குட்டி பிழைத்தது. சில வாரங்களில் கண் திறந்தது. முதுகில் மூன்று வெண்கோடுகள் தெளிவாயின. இலின்னேயசு என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் 1766 ஆம் ஆண்டு அறிவியற் பெயரிட்ட இந்த அணில், தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. அதன் முதுகின் கோடுகள் இராமபிரான் மூவிரலால் தடவியமையால் வந்தன என்பது நம் பாட்டியர் கதை. அணைக்கு மணல் சுமந்த அணிலின் செய்தி வான்மீகியின் நூலில் இல்லை. தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருமாலையில் உண்டு. இங்குள்ள தெலுங்கு மக்களும் எளியோர் செய்யும் சிறு தொண்டினை ‘உடதா பக்தி’ என்று கூறுவர். உடதா என்பது அணில். இரு மொழியினரும் ஒரு சிற்றுயிரிடமிருந்து ஒரே பாடத்தைக் கற்றிருத்தல், எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு ஓர் இன்பம் தரும் செய்தியன்றோ?

குட்டி வளர வளர நம் வீடே அதன் காடாயிற்று. தோளில் ஏறும், சட்டைப் பையில் உறங்கும், எழுதும் தாளின் மேல் ஓடும். விருந்தினர் வந்தால் அவர்முன் அதனை அழைத்துக் காட்டுவோம், அழைத்தவுடன் வரும், கையிலிருந்து வேர்க்கடலையை வாங்கித் தின்னும். சித்தூர் வட்டாரத்தில் வேர்க்கடலைக்குப் பஞ்சமில்லை. நாமும் தாராளமாக இட்டோம். இங்கே இரண்டாம் குற்றம் நேர்ந்தது. வேர்க்கடலையிலும் சூரியகாந்தி விதையிலும் எரியம் மிகுதி, சுண்ணாம்புச் சத்துக் குறைவு. அவற்றையே தின்று, வெயிலும் படாமல் வளரும் அணிலின் எலும்புகள் வலுவிழந்து, பின்னங்கால்கள் தளர்ந்துபோகும். அது விரும்பித் தின்கிறது என்பதே நமக்குப் போதுமானதாயிருந்தது. விரும்புவது வேறு, வேண்டுவது வேறு என்பதை மீண்டும் ஒருமுறை மருத்துவர் வாயிலாகவே கற்றோம்.

அணிற்குட்டி ஏறத்தாழப் பத்து வாரங்களில் பால் மறக்கும். அவ்வளவில் அதனை விடுவதற்கு ஆயத்தம் செய்யவேண்டும் என்று அவர் கூறியிருந்தார். ஆனால் நாம் விடவில்லை. ‘மழை ஓயட்டும்’ என்றோம். ‘இன்னும் சற்று வளரட்டும்’ என்றோம். ‘பூனை இருக்கிறதே’ என்றோம். ஒவ்வொரு காரணமும் உண்மையே. ஆயினும், காரணங்களுக்கெல்லாம் பின்னால் மறைந்து நின்ற மெய்க்காரணம், அதனைப் பிரிய நமக்கு மனமில்லை என்பதே. அணிலின் நலத்தைப் பேசிக்கொண்டு நம் நலத்தை நாடினோம்.

இந்நிலையில்தான் பாகவதத்தின் பரத மன்னன் வரலாறு நினைவுக்கு வந்தது. அரசு துறந்து தவம் செய்யச் சென்ற பரதன், ஆற்றங்கரையில் தாயை இழந்த மான்கன்று ஒன்றைக் கண்டு எடுத்து வளர்த்தான். நாளடைவில் தவம் தளர்ந்தது. மானே அவன் நினைவாயிற்று. அது சற்று மறைந்தாலும் ஆற்றாது புலம்பினான். இறக்கும்பொழுதும் அதனையே நினைந்து, மறுபிறவியில் மானாகப் பிறந்தான் என்பது வரலாறு. இதனை எடுத்துரைப்போர் பலர், ‘பற்று வைத்தல் கூடாது’ என்று கூறி முடித்துவிடுவர். அவ்வாறாயின், வெள்ளத்தில் தவித்த கன்றை அவன் விட்டுச் சென்றிருக்க வேண்டுமா? அதனை எந்த அறநூலும் ஒப்பாது. எடுத்தது குற்றமன்று, வளர்த்ததும் குற்றமன்று. எடுக்கும்பொழுதே விடும் நாளையும் உடன் எண்ணாமையே குற்றம். அவன் இறக்கும் வேளையில் அம்மான் அருகில் அமர்ந்து வருந்தியது என்பர். மன்னனும் மானை மறக்கக் கற்கவில்லை. மானும் மன்னனை மறக்கக் கற்கவில்லை. அவன் ஊட்டியது இருவரையும் கட்டிற்று.

நம் மலைப்பாதையிலேயே இக்கட்டினைக் காண்கிறோம். திருமலைக்கு ஏறும் வழியில் குரங்குகளுக்கு வாழைப்பழமும் பொரியும் இடாதவர் நம்முள் எத்தனை பேர்? நாமும் இட்டிருக்கிறோம்; இட்டபின் புண்ணியம் செய்தோம் என்று உள்ளம் குளிர்ந்திருக்கிறோம். சேசாசலத்தின் கனியும் தளிரும் தேடி உண்ணவேண்டிய அவை, வண்டிகளின் சக்கரத்தடியில் பழத்தோல் தேடுகின்றன, பையைப் பறிக்கின்றன, குழந்தையைக் கடிக்கின்றன. பின்னர் நாமே அவற்றைத் தொல்லை என்கிறோம். 2023 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் அலிபிரி நடைபாதையில் ஒரு சிறுமி சிறுத்தையால் உயிரிழந்த துயரத்திற்குப் பின்னர், வழியில் விலங்குகளுக்கு உணவிடலாகாது என்று தேவத்தானம் அறிவித்தது. உணவுக் கழிவு சிறுவிலங்கை ஈர்க்கும். சிறுவிலங்கு பெருவிலங்கை ஈர்க்கும். ஒரு பழம் இட்ட கைக்கு அச்சங்கிலியின் மறுமுனை தெரிவதில்லை.

அதே மலையில் நடைபெறும் அன்னதானத்தையும் எண்ணிப் பார்ப்போம். உண்பவர் பெயரை இடுபவர் அறியார். இட்டவர் முகத்தை உண்டவர் நினைவில் வைப்பதில்லை. உண்டவர் கை கழுவிக்கொண்டு தம் வழியே செல்கிறார். மறுநாள் அவர் வரவேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த தரிகொண்ட வெங்கமாம்பாவின் பெயரை அவ்வுணவுக்கூடம் தாங்கியிருக்கிறது. நம் பகுதியின் தரிகொண்டாவில் பிறந்த பெருமாட்டி அவர். அவ்விலையிலிருந்து உண்டவர் எழுந்து செல்வதே அவ்வறத்தின் நிறைவு. இதுவே விடுவிக்கும் ஊட்டல். குரங்குக்கு நாம் இட்ட பழம் கட்டும் ஊட்டல். வேறுபாடு உணவில் இல்லை. உண்டபின் அவ்வுயிர் எந்நிலையில் இருக்கிறது என்பதில் உள்ளது.

இங்கே ஒரு மறுப்பு எழும். வீட்டில் இருந்தால் அணில் பூனைக்கும் பாம்பிற்கும் வல்லூற்றுக்கும் தப்பி நெடுநாள் வாழுமே. வெளியே விட்டால் ஒரு வாரத்திலேயே மாளலாமே. சாவதற்கென்றா வளர்த்தோம் என்பது அம்மறுப்பு. இதனை எளிதாகத் தள்ளிவிட இயலாது. ‘விடுதலை’ என்று சொல்லிப் பழகாத உயிரை வெளியே எறிதல் விடுதலையன்று, கைவிடுதல். இரண்டுக்கும் ஓர் எழுத்து வேறுபாடு போலத் தோன்றினும், இடையில் பல வாரங்களின் உழைப்பு உள்ளது. கென்யாவில் சார்ச்சு ஆடம்சன் 1956 ஆம் ஆண்டு ஒரு பெண்சிங்கத்தைச் சுட நேர்ந்தபொழுது, அதன் குட்டிகள் மூன்றினை அவரும் அவர் மனைவி சாயும் எடுத்து வளர்த்தனர். இரண்டினை விலங்குக்காட்சிச் சாலைக்கு அனுப்பிவிட்டு, எல்சா என்னும் மூன்றாவதைக் காட்டில் விட முடிவு செய்தனர். புட்டிப்பால் குடித்து வளர்ந்த சிங்கத்துக்கு வேட்டையாடத் தெரியவில்லை. அதனைக் கற்பிக்க அவர்கள் பட்ட பாடு பெரிது. அதன்பின்னரே எல்சா காட்டில் வாழ்ந்தது; குட்டிகளும் ஈன்றது; 1961 ஆம் ஆண்டு நோயால் இறந்தது. சில ஆண்டுகளே வாழ்ந்த அவ்வாழ்க்கை வீணென்று கூற நமக்கு நா எழவில்லை.

மறுபுறம், முதுமலைத் தெப்பக்காட்டு முகாமில் வளர்ந்து, 2023 ஆம் ஆண்டு ஆசுகர் விருது பெற்ற ஆவணப்படத்தால் உலகறிந்த யானைக்கன்றுகளைப் போலத் திரும்பச் செல்ல இயலாத உயிர்களும் உண்டு. கூட்டம் ஏற்காத கன்றினைக் கையில் வைத்துக் காப்பதே அங்கு அறம். ஆகவே ‘எல்லாவற்றையும் விடுக’ என்பதும் விதியன்று. ‘எதனையும் விடற்க’ என்பதும் விதியன்று. இவ்வுயிர் தன் உணவைத் தானே தேட வல்லதா என்று நேர்மையாக வினவி, வல்லதாக்க நம்மால் இயன்றதையெல்லாம் செய்தபின், அதன் விடைக்குப் பணிவதே முறை. அணில் வெறும் வயிறன்று. கொறித்தலும், தாவலும், ஆபத்தைக் கண்டு குரல் எழுப்புதலும், கூடு பின்னுதலும் சேர்ந்ததே அணில். நாம் இட்ட கிண்ணத்தில் அதன் வயிறு மட்டுமே நிறைந்துகொண்டிருந்தது. ஏனையவை பட்டினி கிடந்தன.

இத்தெளிவு வந்தபின், ஊட்டும் முறையையே மாற்றினோம். உடைத்த கடலை நின்றது. ஓட்டோடு கூடிய கொட்டையும், தோலோடு கூடிய கொய்யாவும், வேப்பம்பழமும், புளியந்தளிரும், செம்பருத்தி மொட்டும் வந்தன. அணிலின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்பவை. கொறித்துத் தேய்க்காவிடின் அவையே அதன் வாயை அடைக்கும். எனவே பட்டையோடு கூடிய குச்சிகளை இட்டோம். கரையானும் சிறு பூச்சிகளும் அதன் இயல்பான உணவு என்பதனால், சைவ இல்லமாகிய நம் இல்லத்தில், சற்றுத் தயங்கி, கரையான் அரித்த மரத்துண்டு ஒன்றினையும் கூண்டில் வைத்தோம். நம் உணவுநெறியை அதன்மேல் சுமத்த நமக்கு உரிமையில்லை அன்றோ? பின்னர், கிண்ணத்தில் வைப்பதை விடுத்து, கிளை இடுக்கிலும் சருகின் அடியிலும் உணவை ஒளித்துவைத்தோம். கையால் கொடுப்பதை அறவே நிறுத்தினோம். தோளில் ஏற வந்தால் எழுந்து அகன்றோம். பிள்ளைகள் அழுதனர். ஊட்டுவதற்கு வேண்டிய பொறுமையைவிட, ஊட்டாதிருப்பதற்கு வேண்டிய பொறுமை பெரிது என்பதை அந்நாட்களில் உணர்ந்தோம்.

சித்தூரில் தென்னையும் பட்டுப்போயிற்று, பூனையும் அகலவில்லை. எனவே திருப்பதியில் மலையடிவாரத்தை ஒட்டி வாழும் அத்தையின் வீட்டுத் தோட்டத்தைத் தேர்ந்தோம். அங்கே புளியும் வேம்பும் கொய்யாவும் உண்டு. வேறு அணில்களும் உண்டு. எழுபது கிலோமீட்டர் அளவான வழி. சந்திரகிரிக் கோட்டை கண்ணில் படும்வரை எவரும் பேசவில்லை. கூண்டினைப் புளியமரத்தின் கிளையில் உயரக் கட்டி, இரண்டு வாரம் மூடியே வைத்தோம். அவ்விடத்து ஒளியும் ஓசையும், மற்ற அணில்களின் குரலும் அதற்குப் பழகவேண்டும். பின்னர் ஒரு காலைப்பொழுதில் கதவைத் திறந்துவிட்டு அகன்றோம். முதல்நாள் வெளியே தலை நீட்டிற்று. மீண்டும் உள்ளே சென்றது. மூன்றாம் நாள் கிளையேறியது. இரவில் கூண்டிற்குத் திரும்பிற்று. அத்தை நாள்தோறும் கூண்டில் சிறிது உணவு வைத்தார். வாரந்தோறும் அதன் அளவைக் குறைத்தார்.

பின்னொரு நாள் சென்றபொழுது, கூண்டிலிருந்த கொய்யாத்துண்டு உண்ணப்படாமல் காய்ந்து, எறும்பு மொய்த்துக் கிடந்தது. நமக்கு நெஞ்சு திடுக்கிட்டது. “மூன்று நாளாக இப்படித்தான் இருக்கிறது. தட்டை எடுத்துவிடலாம், கண்ணு” என்றார் அத்தை. “செத்துப்போயிருக்குமோ, அத்தை?” என்று கேட்டோம். “இருக்கலாம். வேறு இடத்தில் தின்றுகொண்டும் இருக்கலாம். நாம் பார்க்கவேண்டும் என்று கட்டாயமா?” என்றார் அவர். மரத்தின் மேல் நாலைந்து அணில்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. அவற்றுள் எது நம்முடையது என்று அறிய முயன்றோம், இயலவில்லை. எல்லாவற்றின் முதுகிலும் அதே மூன்று கோடுகள்.

குறுந்தொகையில் ‘அணிலாடு முன்றிலார்’ என்று பெயர் பெற்ற புலவர் ஒருவர் உளர். மக்கள் நீங்கிப் பாழ்பட்ட வீட்டு முற்றத்தில் அணில் விளையாடும் காட்சியைத் தலைவியின் தனிமைக்கு உவமையாக்கியமையால் வந்த பெயர் அது. அம்முற்றத்தின் வெறுமை மனிதருக்கே உரியது. அணிலுக்கு அது விளையாட்டுக்களம். நாம் திரும்பி வந்த சித்தூர் வீட்டில் அன்று அவ்வெறுமையை உணர்ந்தோம். ஆயினும் அவ்வெறுமைக்கு அணிலைப் பொறுப்பாக்குதல் முறையன்று. அதனை நிரப்புதற்கென ஓர் உயிரைக் கூண்டில் வைத்தலும் முறையன்று.

பிள்ளைக்கு நிலவைக் காட்டிச் சோறூட்டும் தாய், ஒருநாள் அதன் கையிலேயே சோற்றை உருட்டி வைக்கிறாள். அது பாதியைச் சிந்துகிறது, அவள் பொறுத்துக்கொள்கிறாள். இப்பகுதியில் நாம் வளர்த்த பிள்ளைகள் பெங்களூருக்கும் சென்னைக்கும் கடல் கடந்தும் சென்றுள்ளனர். அவர்கள் நம்மை நினைப்பது நமக்கு மகிழ்ச்சி; ஆனால் நம்மையன்றி வாழ இயலாதவராய் அவர்கள் இருந்தால், அதனை நம் அன்பின் வெற்றி என்று கூறுவோமா?

அந்த அணில் இன்று உளதோ இலதோ, அறியோம். முதல்நாள் நம் கையில் மாண்ட குட்டிக்கு நாம் செய்த தீங்கினை இது ஈடுசெய்யும் என்றும் கூறோம். ஒன்று மட்டும் கற்றோம். உணவிடும்பொழுது, ‘இது உண்கிறதா?’ என்று மட்டும் கேட்டல் போதாது. ‘நாளை நான் இல்லாவிடினும் இது உண்ணுமா?’ என்றும் கேட்டல் வேண்டும். அவ்வினாவைக் கேளாத அருள் பாதி அருளே. அதனைக் கேட்டு, அதற்கேற்பத் தன் கையை மெல்ல மெல்லப் பின்வாங்கிக்கொள்ளும் அருளே முழுமையானது. எறும்பு மொய்த்த அந்தக் கொய்யாத்துண்டு நமக்கு அளித்த பாடம் இது.